பராக்கிரம் பதக்கமும் பார்ட் டூ ஆர்டரில் விடுபட்ட ஒரு வரியும்

யாழ்ப்பாணத்திலோ காஷ்மீரிலோ அடிபட்டு, உடம்புக்குள் இன்னும் ஸ்ப்ளின்டர் துண்டோடு வாழ்கிற முன்னாள் படைவீரர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய டிஸ்சார்ஜ் புக்கை விரித்தால், பணியாற்றிய இடங்களுக்கும் சேவைக் காலத்துக்கும் கிடைத்த மெடல்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். போர்க் காயத்துக்கான ஊண்ட் மெடல் மட்டும் இருக்காது. அதைக் கேட்டு குடியரசுத் தலைவருக்கும், பாதுகாப்பு அமைச்சருக்கும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டருக்கும் மனு கொடுத்திருப்பார்கள். எல்லா மனுவும் சுற்றி வந்து கடைசியில் சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில்தான் விழும். அங்கிருந்து வருகிற பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: இவர் போரில் காயமடைந்ததாகப் பதிவு இல்லை.

இந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் மெடலையே கேட்பதால் எதுவும் நகராது. மெடல் முடிவு செய்யப்படுவது வேறொரு காகிதத்தில். அந்தக் காகிதத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்பதுதான் சரியான வழி. அதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ஊண்ட் மெடலின் இன்னொரு பெயர் பராக்கிரம் பதக். 1973-ல் ஏற்படுத்தப்பட்டது. எந்த வகை ராணுவ நடவடிக்கையிலும், கிளர்ச்சி ஒடுக்கும் பணியிலும், எதிரியின் நேரடிச் செயலால் காயம் பட்டிருக்க வேண்டும் என்பதே இதன் நிபந்தனை. 2001 டிசம்பரில் எல்லையில் படை குவித்தபோது அங்கே இருந்தவர்களுக்குக் கொடுத்த ஆபரேஷன் பராக்கிரம் மெடல் வேறு. அதற்கும் காயத்துக்கும் தொடர்பில்லை. மனுவில் வெறுமனே ‘பராக்கிரம் மெடல்’ என்று எழுதினால், ‘ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வர வாய்ப்பு உண்டு. அதனால் ‘ஊண்ட் மெடல்’ என்றே எழுதுங்கள்.

‘எதிரியின் நேரடிச் செயல்’ என்ற நிபந்தனைதான் பலருக்குப் புரியாமல் போகிறது. பனிமலையில் விரல் கருகியது, ரோந்து போகையில் பாறையிலிருந்து விழுந்தது, கான்வாய் வண்டி கவிழ்ந்தது, சொந்தப் படை பதித்த கண்ணிவெடியில் கால் போனது ஆகிய எல்லாமே கடமையில் வந்த துயரங்கள்தான். இவற்றில் சில பென்ஷன் கணக்கில் போர்க் காயமாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் ஊண்ட் மெடலின் நிபந்தனைக்குள் வராமல் போகலாம். துப்பாக்கிக் குண்டு, எதிரியின் ஷெல், ராக்கெட், கையெறி குண்டு, தீவிரவாதிகள் வைத்த வெடி ஆகியவற்றால் வந்த காயம் என்றால் தயங்காமல் கேட்கலாம்.

ஒரே காயத்தைப் பற்றி ராணுவத்தில் மூன்று தனித்தனி முடிவுகள் எடுக்கப்படுகின்றன. முதலாவது, அது பேட்டில் கேஷுவல்ட்டியா (போர்க் காயம்), ஃபிஸிகல் கேஷுவல்ட்டியா (போரல்லாத காயம்) என்பது. இதற்கான வரையறை 2003-ம் ஆண்டின் முதலாம் ராணுவ ஆணையில் இருக்கிறது. அதற்கு முந்தைய காயங்களுக்கு அந்தக் காலத்து ஆணை. இரண்டாவது, மெடிக்கல் போர்டு சொல்லும் ஊனச் சதவீதமும், அந்த ஊனம் ராணுவ சேவையால் வந்ததா என்ற கருத்தும், அதையொட்டி வரும் பென்ஷன் வகையும். மூன்றாவதுதான் மெடல். முதல் முடிவு தவறானால் மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே தவறும்.

முதல் முடிவு பதிவாகும் இடம் பார்ட் டூ ஆர்டர். ஒரு சிப்பாய் லீவில் போனது, திரும்பி வந்தது, கல்யாணம் செய்தது, குழந்தை பிறந்தது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தது என எல்லாமே பார்ட் டூ ஆர்டரில் எண்ணும் தேதியும் போட்டு வெளியாகும். அதை வைத்துத்தான் ரெக்கார்ட் ஆபீஸில் அவருடைய ஷீட் ரோல் எனும் சேவைப் பதிவேட்டில் பதிவார்கள். காயம் பட்டதும் யூனிட்டிலிருந்து கேஷுவல்ட்டி ரிப்போர்ட் போக வேண்டும். அதையொட்டிப் பார்ட் டூ ஆர்டர் வர வேண்டும். இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும், ரெக்கார்ட் ஆபீஸைப் பொறுத்தவரை அந்தக் காயம் நடக்கவே இல்லை.

எப்படி அறுகிறது? அதிகம் நடப்பது இதுதான். காயம் பட்டவரை ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அவருடைய கம்பெனி அதே சண்டையில் இன்னும் பல நாள் இருக்கிறது. எழுத வேண்டிய கிளார்க் பின்னால் வேறு இடத்தில் இருக்கிறார். அடிபட்டவர் குணமானதும் பழைய யூனிட்டுக்குத் திரும்பாமல் வேறு இடத்துக்கு போஸ்டிங் ஆகிவிடுகிறார். அவருக்கான ஆர்டரை யார் வெளியிடுவது என்பதிலேயே விஷயம் நின்றுபோகிறது. 1987 ஜூலை இறுதியில் இலங்கைக்குப் போய் 1990 மார்ச்சில் திரும்பிய அமைதிப்படைக்காரர்களிடம் இந்தக் குறை கூடுதலாகத் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. காயம் பட்ட இடம் ஒரு நாட்டில், சிகிச்சை நடந்த இடம் இன்னொரு நாட்டில்.

இரண்டாவது பிழை, தவறான படிவம். ஐஏஎஃப்ஒய் 2006 என்பது விபத்துக் காயங்களுக்கான இஞ்சுரி ரிப்போர்ட். போரில் பட்ட காயத்துக்கு அது தேவையே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள் என்று யூனிட்டில் யாரோ அதைப் பூர்த்தி செய்து அனுப்பியிருப்பார்கள். பிறகு ஃபைலைப் பார்க்கிறவருக்கு அந்தப் படிவமே ‘இது விபத்து’ என்று சொல்கிறது. உங்கள் ஃபைலில் 2006 இருந்தால் அதை மறைக்காதீர்கள். அதில் சம்பவ விவரம் எழுதும் இடத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். ‘ரோந்தின்போது எதிரி சுட்டதில்’ என்று அங்கே எழுதியிருந்தால், தவறான படிவமே உங்களுக்குச் சாட்சி.

மூன்றாவது, சின்ன முரண்பாடுகள். ஒரு காகிதத்தில் இடது தொடை, இன்னொன்றில் வலது தொடை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதி சண்டை நடந்த தேதிக்கு முந்தையது. நோயறிதலில் ‘குண்டுக் காயம்’ என்று இல்லாமல் ‘எலும்பு முறிவு’ என்று மட்டும் இருப்பது. குண்டு பட்டுத்தான் எலும்பு முறிந்தது என்றாலும், பிந்தைய மெடிக்கல் போர்டுகள் முறிவை மட்டும் எழுதிக்கொண்டே போகும். வருஷங்கள் ஓட ஓடக் குண்டு காணாமல் போய் முறிவு மட்டும் மிஞ்சும்.

ஆதாரம் தேடும்போது ஒரே ஒரு அளவுகோல் போதும்: காயம் பட்ட நாளுக்கு எவ்வளவு பக்கத்தில் எழுதப்பட்டது? முதலுதவி நிலையத்தில் கட்டிவிடும் ஃபீல்டு மெடிக்கல் கார்டு கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், அது அபூர்வம். அடுத்தது முதலில் சேர்த்த ராணுவ ஆஸ்பத்திரியின் அட்மிஷன் அண்ட் டிஸ்சார்ஜ் புத்தகம். ஒரு காயம் ஃபீல்டு ஆம்புலன்ஸ், பேஸ் ஆஸ்பத்திரி, கமாண்ட் ஆஸ்பத்திரி என்று நாலு இடம் மாறியிருக்கும். கடைசி ஆஸ்பத்திரியின் பேர்தான் பலருக்கு ஞாபகம் இருக்கும். தேட வேண்டியது முதல் ஆஸ்பத்திரியை. யூனிட்டின் வார் டைரியில் அன்றைய நாளுக்கான பக்கமும் கனமான சான்று. பெயர் இல்லாமல் ‘ஒரு ஓஆர் (சாதாரணச் சிப்பாய்) காயம்’ என்று மட்டும் இருந்தாலும், ஆஸ்பத்திரித் தேதியோடு சேர்த்து வைத்தால் பொருந்திவிடும்.

வீட்டில் இருக்கிற காகிதங்களை யாரும் மதிப்பதில்லை. மகன் காயமடைந்ததாக வீட்டுக்கு வந்த தந்தி, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதிய இன்லாண்டு லெட்டர், அதன் மேல் விழுந்த ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரையின் எண், தேதி இவையெல்லாம் அன்றைக்கே உண்டான ஆவணங்கள். ‘கேர் ஆஃப் 56 ஏபிஓ’ என்ற ராணுவ அஞ்சல் முகவரி இருந்தாலே போதாது. முத்திரையில் தேதி படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பழைய தகரப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக்கோடு இவை கிடக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஈரமும் செல் பூச்சியும் காகிதத்தை விட்டுவைப்பதில்லை. முதல் வேலையாக வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். ஒட்டிப்போன தாளை இழுத்துப் பிரிக்காதீர்கள். லேமினேஷன் செய்யவே வேண்டாம், மூலத் தாளை நேரில் சரிபார்க்கும்போது அது தடையாகும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தொடைக்குள் இருக்கிற உலோகத் துண்டு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். துணைச் சான்றாக அதை வைக்கலாம். ஆனால் துண்டு எப்போது, எப்படி உள்ளே போனது என்பதை எக்ஸ்ரே சொல்லாது. அதனால் எக்ஸ்ரேயையும், இப்போது எழுதி வாங்கிய நண்பர்களின் பிரமாண வாக்குமூலத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு போகும் மனுக்கள் தோற்கின்றன. வாக்குமூலம் தருவதானால், அதே நாளில் அதே இடத்தில் இருந்தவராக, முடிந்தால் அப்போதைய கம்பெனி கமாண்டராகவோ பிளாட்டூன் ஜேசிஓவாகவோ (இளநிலை அதிகாரி) இருக்கட்டும். ஊர்க்காரர் பத்துப் பேர் தருவதைவிட அப்படிப்பட்ட ஒருவர் தருவது மேல். எக்ஸ்ரே எடுக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: உடம்பில் இரும்புத் துண்டு இருப்பவர்களுக்கு எம்ஆர்ஐ ஆபத்து. பிற்காலத்தில் எந்த டாக்டர் எம்ஆர்ஐ எழுதினாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஃபைலில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் திருத்தம் கேட்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள மலிவான கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இஎம்இ (இயந்திரப் பராமரிப்புப் பிரிவு) செகந்திராபாத், ஏஎம்சி (மருத்துவப் பிரிவு) லக்னோ, டிஎஸ்சி (பாதுகாப்புக் காவல் படை) கண்ணூர் என்று ரெக்கார்ட் ஆபீஸ் படைப்பிரிவுக்கு ஏற்ப மாறும். கடற்படையினருக்கு மும்பை மான்கூர்டில், விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில். ராணுவத்திலிருந்து வந்து டிஎஸ்சியில் சேர்ந்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே நிறைய. அவர்கள் கண்ணூருக்கு எழுதினால் பயனில்லை. காயம் பட்டபோது இருந்த படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டும். தவறான இடத்துக்குப் போனாலும் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. ஆனாலும் நேராக அனுப்புவது நல்லது.

‘என் காயம் பற்றிய எல்லா விவரமும் தரவும்’ என்று கேட்டால் ஒரு வரிப் பதில் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என் சர்வீஸ் நம்பருக்கு வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் சான்றிட்ட நகல். ஷீட் ரோலின் முழு நகல். ஏஎஃப்எம்எஸ்எஃப் 15, 16 எண்ணிட்ட மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள் அனைத்தும். யூனிட்டிலிருந்து வந்த கேஷுவல்ட்டி ரிப்போர்ட். இவற்றில் எதுவும் அழிக்கப்பட்டிருந்தால் அழித்த தேதியும் அதற்கான உத்தரவின் நகலும். இந்தக் கடைசி வரியை விடவே விடாதீர்கள். பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டுக்குப் பின் அழிக்கப்படுகின்றன. சுருக்கப் பதிவேடான லாங் ரோல் மட்டும் நிரந்தரமாக இருக்கும். ‘அழித்துவிட்டோம்’ என்பதற்கும் ‘அப்படி ஒன்று இருந்ததே இல்லை’ என்பதற்கும் பின்னால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. சர்வீஸ் நம்பரின் கடைசியில் வரும் எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பதில் வந்தபின் திருத்த மனு. ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கத்துக்குள் இருக்கட்டும். வீரதீரக் கதை வேண்டாம். காயம் பட்ட தேதி, இடம், ராணுவ நடவடிக்கையின் (ஆபரேஷன்) பெயர், யூனிட், கம்பெனி, காயத்தின் வகை, உடம்பின் எந்தப் பக்கம், முதல் ஆஸ்பத்திரி, அதற்கடுத்த ஆஸ்பத்திரிகள் என்று வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இணைப்பின் எண்ணைப் போடுங்கள். ஷீட் ரோலில் இப்போது இருக்கிற வரி எது, அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கோரிக்கையை இந்த வரிசையில் வையுங்கள்: பேட்டில் கேஷுவல்ட்டி என்று பார்ட் டூ ஆர்டர் வெளியிட வேண்டும், அதன்படி பென்ஷன் வகையை மாற்ற வேண்டும், அதன்படி ஊண்ட் மெடல் வழங்க வேண்டும். ஆவணங்களில் முரண்பாடு இருந்தால் நீங்களே எடுத்துச் சொல்லி விளக்கிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்தால் அது மறுப்புக்குக் காரணமாகும்.

ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்துப் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லலாம். அந்த அலுவலகம் ராணுவப் பதிவைத் திருத்த முடியாது, கலெக்டராலும் முடியாது. ஆனால் அவர்கள் வழியாகப் போகும் கடிதத்துக்கு நினைவூட்டல் அனுப்ப ஒரு ஃபைல் இருக்கும், அது உதவி.

பென்ஷன் வகை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 2001 ஜனவரி 31-ம் தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் ஊனங்களை ஏ முதல் ஈ வரை ஐந்தாகப் பிரிக்கிறது. போர்க் காயம் ஈ வகை. வெளிநாட்டு அமைதிப்பணியில் நடந்த நடவடிக்கையும் ஈ வகையில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. கடைசியாக வாங்கிய ஊதியம் 30,000 ரூபாய், கீழே சொல்லும் முறைப்படி உயர்த்திய பின் ஊனம் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். போர்க் காயமல்லாமல், சேவையால் வந்தது என்று மட்டும் ஏற்கப்பட்ட பி வகையானால் 100 சதவீதத்துக்கு ஊதியத்தில் 30 விழுக்காடு. 50 சதவீதத்துக்கு 4,500 ரூபாய். ஈ வகையில், காயத்துக்குப் பிறகும் சேவையில் தொடர்ந்து முழுக் காலம் முடித்து வந்தவருக்கு 60 விழுக்காடு. 50 சதவீதத்துக்கு 9,000. காயத்தாலேயே வெளியேற்றப்பட்டவருக்கு முழு ஊதியமே அடிப்படை, 15,000. சர்வீஸ் பென்ஷன் இதற்கு மேல் தனி. ஊனச் சதவீதம் 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் முறை, முழுக் காலம் முடித்தவர்களுக்கும் பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

தாமதம் பற்றிய சட்டமும் இதை ஒட்டியே வருகிறது. தர்செம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், பென்ஷன் குறைவாக வருவது மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமதத்துக்காக மட்டும் தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை என்றும், பாக்கித் தொகை வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டும் என்றும் வகுத்தது. மெடல் மாதாமாதம் வருவதல்ல. 30 வருஷம் கழித்து மெடலை மட்டும் கேட்டால் ‘இத்தனை நாள் என்ன செய்தீர்கள்’ என்ற கேள்விக்கு வலுவான பதில் வேண்டும். பென்ஷன் வகையோடு சேர்த்துக் கேட்கும்போது மனு அந்தக் கேள்வியைத் தாங்கி நிற்கிறது. மெடல்தான் மனசுக்குப் பெரிது என்பவர்களும் இந்த வழியில் போவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அமெரிக்காவில் பர்ப்பிள் ஹார்ட்டுக்காகப் பதிவைத் திருத்த, ராணுவத்துக்கு என்றே தனி வாரியம் இருக்கிறது. படிவம் போட்டு விண்ணப்பிக்கலாம். அதைப் பார்த்துவிட்டு இங்கும் அப்படி ஒன்றைத் தேடுகிறவர்கள் உண்டு. இங்கே அது இல்லை. ரெக்கார்ட் ஆபீஸ் மறுத்தால், அல்லது மனு கொடுத்து ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால், அடுத்த படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம். மறுப்பு வந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதமானால் காரணம் காட்டித் தனி மனு போட வேண்டும்.

எந்த பெஞ்ச் என்பது நம் மாவட்டத்தில் முக்கியமான கேள்வி. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் கைக்கெட்டும் தூரம், அதனால் கொச்சி பெஞ்ச்தான் வசதி என்று தோன்றும். ஓய்வு பெற்றவர் மனு போடும்போது வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அந்தப் பகுதிக்கான பெஞ்சில் போடலாம் என்பது விதி. மார்த்தாண்டத்தில் குடியிருப்பவருக்குச் சென்னை பெஞ்ச். மகன் வீட்டோடு திருவனந்தபுரத்தில் உண்மையாகவே குடியேறிவிட்டவர் கொச்சிக்குப் போகலாம். அதற்கு முகவரிச் சான்றும் அங்கே இருக்க வேண்டும். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் வீரர்களுக்கு இந்தத் தீர்ப்பாயமே இல்லை, அவர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.

இன்னொரு உள்ளூர்ச் சிக்கல் பெயரும் முகவரியும். 1956 நவம்பர் 1-க்கு முன் சேர்ந்தவர்களின் ஷீட் ரோலில் மாநிலம் திருவிதாங்கூர்-கொச்சி என்றிருக்கும். ஆள் சேர்ப்பில் எழுதியவர் மலையாளியோ வடநாட்டவரோ என்பதைப் பொறுத்து, ராஜமணியின் கடைசி எழுத்து ஆங்கிலத்தில் ‘ஒய்’ ஆகவோ ‘ஐ’ ஆகவோ இருக்கும். இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும், அல்லது வீட்டுப் பெயர் முன்னால் ஏறியிருக்கும். ஆதாரோடு பொருந்தவில்லை என்று ஸ்பர்ஷில் பெயரை மாற்றிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று இருப்பார்கள். ஸ்பர்ஷ் பென்ஷன் தளம். அதில் செய்கிற மாற்றம் ரெக்கார்ட் ஆபீஸின் ஷீட் ரோலில் ஏறாது. காயத் திருத்த மனுவுக்கு முன்பே பெயரைச் சரிசெய்துவிடுங்கள், அல்லது மனுவில் இரண்டு பெயரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரத்தை இணையுங்கள். இரண்டு திருத்தத்தையும் ஒரே மனுவில் கலந்தால், எளிதான பெயர்த் திருத்தத்தை முடித்துவிட்டு ஃபைலை மூடிவிடும் அபாயம் இருக்கிறது.

திருத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டால், ரெக்கார்ட் ஆபீஸ் புதிய பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, பென்ஷன் கோரிக்கையைப் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து திருத்திய பிபிஓ எனும் பென்ஷன் ஆணை வரும். அதில் பார்க்க வேண்டியவை மூன்று: ‘வார் இஞ்சுரி’ என்று இருக்கிறதா, சதவீதம் உயர்த்திக் கணக்கிடப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதி முதல் என்று போட்டிருக்கிறது. படைவீரர் இறந்திருந்தால் மனைவியும் இந்தத் திருத்தத்தைக் கேட்கலாம். அதற்கு மனைவியுடைய பெயரும் பிறந்த தேதியும் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்க வேண்டும். கணவர் உயிரோடு இருக்கும்போதே ஷீட் ரோல் நகல் வாங்கி அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். விட்டுப்போயிருந்தால் அவர் கையெழுத்திலேயே அதற்கு மனு போய்விடட்டும்.